காட்டேரிக்குக் கதவு திறக்காத தகப்பன் சார்பில்

பெருமதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களின் பார்வைக்கு,

கடைத்தெருவில் பூட்டு பழுதுபார்த்துச் சாவி வெட்டித் தரும் கடைக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் அலுவலகத்தில் பிழை திருத்துபவரும், தபால் பிரிப்பவரும் தேக சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், என் மனைவி, எங்கள் ஒரே மகள் மூவரும் சௌக்கியம். முன்கதவின் நடுத் தாழ்ப்பாள் மட்டும் கொஞ்சம் இறுக்கம். பூட்டுக்காரன் வீட்டுத் தாழ்ப்பாள் என்பதால் அதை யாரும் சரிசெய்வதில்லை.

காரியத்துக்கு வருகிறேன். தங்கள் இதழில் வாராவாரம் வரும் 'வாசல்வரை வந்தவன்' என்ற ரத்தக்காட்டேரிக் காதல் தொடரை 'அந்தி' என்ற புனைபெயரில் எழுதுவது யார் என்று வாசகர்கள் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியும். என் மகள்தான். அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. புனைபெயர் என்பது ஒருவர் தன் பெயருக்குத் தானே போட்டுக்கொண்ட பூட்டு. அதை நெம்பித் திறப்பது என் தொழில் தர்மத்துக்கு விரோதம். ஆகையால் விஷயத்தைப் பரம ரகசியமாக வைத்திருக்கிறேன். சவரக்கடைக்காரர், தையல்காரர், மருந்துக்கடையில் இருக்கும் இருவர், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதி, அப்புறம் கடைக்குச் சாவி வெட்ட வருகிறவர்கள், இவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பீர்கள். முதல் அத்தியாயத்திலேயே பிடித்துவிட்டேன். கதாநாயகியின் வீடு எங்கள் வீடு. பச்சைக் கதவு, மூன்று தாழ்ப்பாள், காலை வைத்தால் முனகும் மூன்றாம் படி, எல்லாம் அச்சு அசல். இந்த வீடு என் மனைவிக்கு அவள் அப்பா விட்டுப்போனது, அந்தப் படி அவர் காலத்திலிருந்தே முனகிக்கொண்டிருக்கிறது. கதாநாயகி சலவைக்கடை முகப்பில் உட்கார்ந்து துணி வாங்கிப் போடுகிறாள். என் மகள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். சலவைக்கடையில் இருப்பது என் மனைவி. தன்னை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று அம்மாவின் வேலையை எடுத்துக் கதாநாயகிக்குக் கொடுத்திருக்கிறாள், பாருங்கள் சாமர்த்தியத்தை. காட்டேரியின் சட்டையைக் கையில் வாங்கி, "ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணியும் உப்பும்தான்" என்று அவள் சொல்கிற இடத்தில்தானே காதலே ஆரம்பிக்கிறது. அதை அம்மாவிடம் நைசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள். கதாநாயகியின் அப்பா நீதிமன்ற எழுத்தர், பெரிய மீசைக்காரர். எனக்கு மீசை கிடையாது. கூடத்தில் படமாகத் தொங்கும் என் மாமனாருக்குத்தான் மீசை, நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவரும் அவர்தான். தாத்தாவின் மீசையையும் உத்தியோகத்தையும் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள். ஆனால் அந்தப் பிடிவாதம் என்னுடையது. பெற்றவனுக்குத் தெரியாதா?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று தாங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது. இதழ் வந்த அன்றைக்குச் சாயங்காலம் கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு வந்து, மனைவியையும் மகளையும் உட்காரவைத்து நானே உரக்கப் படித்துக் காட்டுவேன். காதல் வரும் இடங்களில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிடுவாள். எழுத்தாளருக்கு இருக்கவேண்டிய கூச்சம் அது. என் மனைவிக்குத்தான் கதை என்றால் ஏறாது. சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு ஏதோ மழை பெய்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பாள். நடுவில் தலையைத் தூக்காமல், "அங்க கொஞ்சம் நிறுத்திப் படிங்க, அவன் உடனே பதில் சொல்லல" என்பாள். இதழைப் பார்த்தால் உண்மையாகவே அங்கே ஒரு கோடு போட்டிருக்கும். குருட்டு யோகம் என்று விட்டுவிடுவேன்.

கதையில் வரும் தர்ம சங்கடங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கதாநாயகியின் தோழி ஜுரத்தில் நினைவில்லாமல் கிடக்கிறாள். காட்டேரி கடித்தால் பிழைத்துக்கொள்வாள், ஆனால் அப்புறம் சூரியனைப் பார்க்க முடியாது, சாகவும் முடியாது. டாக்டர் கையை விரித்துவிட்டார். தோழியின் அம்மா கடிக்கச் சொல்லிக் காலைப் பிடிக்கிறாள். கதாநாயகி என்ன சொன்னாள்? "அவ கண்ணைத் திறக்கட்டும். அவ உயிரு, அவ சொல்லட்டும்." அவ்வளவுதான். அந்தத் தோழி கண்ணைத் திறக்கிற வரைக்கும் ஒரு வாரம் நானும் தூங்கவில்லை. எதிர்வீட்டு நீதிபதியிடம் இந்த வழக்கைக் கொண்டுபோனேன். தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டார். இத்தனை வருஷம் நீதிமன்றத்தில் உட்கார்ந்தவருக்கு வராத பதில் என் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வரியில் வந்திருக்கிறது ஐயா.

இவ்வளவு நல்ல கதையில் எனக்கு ஒரே ஒரு குறை. அந்தக் காட்டேரி. ஆளைப் பார்த்தாலே தெரியவில்லையா? பொழுது சாய்ந்ததும் வந்து நிற்கிறான். தண்ணீர் தொட்டு நடுவகிடு எடுத்த தலை. தோளில் ஒரு தோல்பை, அதற்குள் என்னமோ கலகலவென்று சத்தம், என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்வதில்லை. கையைத் தொட்டால் ஐஸ். சீட்டி அடிக்கிறான், அதிலும் சுருதி கிடையாது. அழகான பெண், கையில் ஒரு வேலை, அவள் போயும் போயும் இவனிடம் எதைக் கண்டாள்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

ஆனால் அந்த ஓணான் யார் என்பதும் எனக்குத் தெரியும். இங்கேதான் ஆசிரியர் அவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வந்து கேட்கவேண்டும். எங்கள் தெருக்கோடியில் ரொட்டி அடுப்பு இருக்கிறது. அங்கே இரவு வேலை பார்க்கிற பையன் ஒருவன். ராத்திரியெல்லாம் அடுப்படி, பகலெல்லாம் தூக்கம், அவனை வெயிலில் பார்த்தவர் இல்லை. முகம், கை, புருவம் எங்கும் மாவு, வெள்ளை வெளேர். தினமும் இருட்டுகிற நேரத்தில் வேலைக்குப் போகிற வழியில் எங்கள் வாசலுக்கு வருவான். மூன்றாம் படி முனகும். என் மகள் சன்னலுக்குப் போவாள். நான் கதவுக்குப் போவேன். மேல் தாழ்ப்பாளை மட்டும் நீக்கி, சந்து வழியாக அவன் நீட்டும் சூடான ரொட்டியை வாங்கிக்கொண்டு "சரி" என்பேன். ரொட்டியை உள்ளே விட்டிருக்கிறேன், ஆளை விட்டதில்லை. காட்டேரிக்குத் தலைநிறைய முடி, இவனுக்கு முன்பக்கம் வழுக்கை. பிரியம் வைத்தவள் கண்ணுக்கு அடர்த்தியாகத் தெரிந்திருக்கும்.

தொடர் சூடுபிடித்ததும் எனக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது. கதையில் காட்டேரிக்குப் பூண்டு ஆகாது என்று வந்த வாரம், நான் எல்லாம் படித்திருக்கிறேன் என்பதை ரொட்டிக்காரப் பையனுக்கு உணர்த்தவேண்டி, பச்சைப் பூண்டை மென்று வைத்துக்கொண்டு கதவுச் சந்தில் வாயை வைத்து "யாரு?" என்றேன். அவன் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "நல்ல வாசனையா இருக்குங்க மாமா" என்றான். மறுநாள் பூண்டு ரொட்டி கொண்டுவந்தான். நன்றாக இருந்ததுதான் எரிச்சல். காட்டேரிக்குக் கண்ணாடியில் உருவம் தெரியாது என்று வந்த வாரம், அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி வாசலுக்கு நேரே சாய்த்து வைத்தேன். அவன் ஓரமாக நின்றுவிட்டான். கண்ணாடியில் வெளிறிப்போய், தலை கலைந்து, கண் சிவந்து ஒரு உருவம் தெரிந்தது. அலறிக்கொண்டு பின்னால் விழுந்தேன். பார்த்தால் நான்தான். "மாமா, அடிபட்டுச்சா? கதவைத் திறங்க, நான் தூக்கி விடறேன்" என்று அவன் வெளியிலிருந்து சொன்னான். விழுந்து கிடந்தபோதும் நான் திறக்கவில்லை. பிடிவாதம் என்று சொன்னேனே, அது இதுதான். இதெல்லாம் போதாதென்று சவரக்கடைக்காரர் என் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, "அந்த அப்பன் ஏன் சார் இப்படி இருக்கான்? ஒரு வார்த்தை 'உள்ள வா'ன்னு சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டார். கத்தி கழுத்தில் இருக்கும்போது இலக்கியம் பேச முடியுமா? பேசினேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, "காட்டேரி கட்சி நீங்க, கவனமா இருங்க" என்றேன்.

இனி என் விண்ணப்பம். தங்கள் கதையின் சட்டப்படி வீட்டுக்காரர் தன் வாயால் "உள்ளே வா" என்று சொன்னால்தான் காட்டேரி நிலைப்படி தாண்ட முடியும். அப்பா சொல்ல மாட்டேன் என்கிறார். போன வார முடிவில் காட்டேரி படியில் நிற்கிறான், கதாநாயகி பையோடு சன்னலண்டை நிற்கிறாள், அப்பா சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிறார். அடுத்த வாரம் முடியப்போகிறது. இருக்கிற வழி மூன்று. அப்பா தெருவில் இறங்கும்போது அவரைக் கடித்துவிட்டால் வீடு மகளுக்கு வந்துவிடும், அவளே கூப்பிட்டுக்கொள்ளலாம். வாசகர் கடிதங்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள், எல்லாரும் பெற்றவர்கள் உள்ள வீட்டுப் பிள்ளைகளா என்று சந்தேகமாக இருக்கிறது. இல்லாவிட்டால் அவள் சன்னல் வழியாக இறங்கிப்போய் அவனைப் போலவே ஆகி, அம்மாவைப் பகலில் பார்க்காமலே இருந்துவிடலாம். அதுவும் இல்லாவிட்டால் காத்திருக்கலாம், அவனுக்குத்தான் சாவே இல்லையே. "உன் அப்பாவை நான் தொட மாட்டேன், காத்திருக்கிறேன்" என்று அவன் சொன்னபோது எல்லாரும் உருகினார்கள். எனக்கு உருகவில்லை. கிழவன் எப்போது போவான் என்று வாசலில் நிற்பதும் மெதுவாகக் கடிப்பதுதான். அதே சமயம் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே நிற்கிற அப்பாவும் அவள் வயதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டுதானே இருக்கிறார். இது எனக்கு நேற்றுக் கடையில் சாவி அராவும்போது தோன்றியது. அராவுவதை நிறுத்திவிட்டேன்.

அந்த மனிதர் பக்கத்து நியாயத்தை யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். பகலில் விழித்திருக்கும் பெண், ராத்திரியில் விழித்திருக்கும் ஆண், இருவரும் எப்போது சேர்ந்து சாப்பிடுவார்கள்? இது ஒரு கேள்வி. அது சும்மா, வெளியில் சொல்லிக்கொள்ள. உண்மை என்னவென்றால், "உள்ளே வா" என்று ஒருவனைக் கூப்பிடுவது இன்னொருத்தியை "போய் வா" என்று அனுப்புவதுதான். வாசல் ஒன்றுதானே ஐயா. சாயங்காலம் அவள் செருப்புச் சத்தம் கேட்காத வீட்டை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் சன்னல் வழியாகப் போய்விடுவாளோ என்று நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. ஆகையால் கடைசி அத்தியாயத்தில் அப்பாவே கதவைத் திறக்கும்படி தாங்கள் எழுத்தாளரிடம் பக்குவமாகச் சொல்லவேண்டும். அவர் கௌரவம் கெடாமல் பேச வசனமும் நானே எழுதிவிட்டேன்: "காட்டேரியே, உன் குலத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, உன் உணவைப் பற்றியும் கேட்கவில்லை. செருப்பை வெளியே விடு, பல்லை உள்ளே வை, என் மகளின் கண்ணில் நீர் வராது என்று நிலவின் மீது ஆணையிடு, பிறகு வலது காலை எடுத்து வைத்து என் இல்லம் புகுவாயாக." இதில் ஒரு எழுத்தையும் குறைக்கவேண்டாம். கதையில் அப்பா அப்படிச் சொல்லிவிட்டால், படிக்கும்போது என் வாயிலும் அது வந்துவிடும் அல்லவா? வாசலில் யாராவது நின்றுகொண்டிருந்தால் அவர் காதிலும் விழும். நான் தனியாகச் சொன்னதாக இருக்காது.

தங்கள் பத்திரிகை தழைக்கட்டும், தங்கள் மேசையில் மை உலராதிருக்கட்டும், தங்கள் வீட்டுப் பூட்டுகள் துருப்பிடிக்காதிருக்கட்டும். எழுத்தாளருக்கு நான் எழுதியது தெரியவேண்டாம்.

இப்படிக்கு,
'அந்தி'யைப் பெற்ற தந்தை,
பூட்டுக்கடை

பின்குறிப்பு: உறைக்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து கடிதத்தைக் கையில் எடுத்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? நின்றபடியே கடைசிவரை படித்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"இதை அனுப்பாதீங்க. ஆசிரியர் சிரிச்சே செத்துப்போவார்."

"ஏன்?"

"இதை அவ எழுதல."

"பின்ன யாரு எழுதினா?"

"காட்டேரி பையில என்ன சத்தம்?" என்றாள்.

"அதைத்தான் அவன் சொல்ல மாட்டேங்கறானே."

"சாவி. கையை நீட்டுங்க."

நீட்டினேன். பிடித்துப் பார்த்தாள். "அன்னைக்கும் இப்படித்தான் சில்லுன்னு இருந்துச்சு. நாள் பூரா இரும்பைப் பிடிச்ச கை. நடுவகிடு எடுத்துக்கிட்டு, சுருதியே இல்லாம சீட்டி அடிச்சுக்கிட்டு, கடையை மூடிட்டு இருட்டற நேரத்துக்கு எங்க வாசலுக்கு வருவீங்க."

"அப்ப அந்த மீசைக்காரர்?"

"எங்க அப்பா. வேற யாரு?"

"அப்ப நான்?"

"நீங்கதான் அந்த ஓணான்."

சமையலறையில் என் மகள் ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டாள். அவளுக்கு முதலிலிருந்தே தெரியுமாம். வாராவாரம் கதையைத் தபாலில் சேர்ப்பது அவள் வேலையாம்.

ஆகவே ஆசிரியர் அவர்கள் தயவுசெய்து மேலே உள்ளதைத் திருத்தி வாசிக்கவும். எழுதியவள் 'மகள்' என்று வரும் இடங்களில் 'மனைவி' என்றும், கதையின் 'அப்பா' வரும் இடங்களில் 'மாமனார்' என்றும், 'காட்டேரி' வரும் இடங்களில் 'நான்' என்றும் போட்டுக்கொள்ளவும். தண்ணீர் தொட்டு வாரிய தலையைப் பற்றிய வாக்கியத்தை முழுவதுமாக அடித்துவிடவும். குருட்டு யோகம் என்று எழுதியதையும் அடித்துவிடவும், அதை அவள் இருமுறை படித்தாள். பெருமையாக எழுதியவை எல்லாம் அப்படியே இருக்கட்டும், ஆளை மட்டும் மாற்றவும். இத்தனை வாரம் அவள் எழுதியதை அவளுக்கே ராகம் போட்டுப் படித்துக் காட்டியிருக்கிறேன், ஒரு நாளும் முகத்தில் காட்டவில்லை. எப்பேர்ப்பட்ட பெண்ணைக் கட்டியிருக்கிறேன் பாருங்கள்.

"கடைசி அத்தியாயத்துல என்ன ஆகுது?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா? நீங்க யாரையாவது கடிச்சீங்களா?"

தெரியும். இந்தப் பச்சைக் கதவின் பூட்டு அந்த நாளில் வாரத்துக்கு ஒருமுறை மக்கர் செய்யும். மாமனார் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே படியில் உட்கார்ந்தே பழுது பார்க்கச் சொல்வார். சாவித் துவாரத்துக்குள் ஒவ்வொரு தடவையும் சலவைக்கடைக் கஞ்சி உறைந்திருக்கும். அதை யார் ஊற்றினார்கள் என்று பூட்டுக்காரனுக்குத் தெரியாதா? நான் சொல்லவில்லை. ஒரு நாள் தூறல் போட்டது. உள்ளே மூன்று தாழ்ப்பாளும் ஒவ்வொன்றாக நீங்கின. மீசைக்காரர் என் கையில் இருந்த எண்ணெயையும் என்னையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "கையைத் துடைச்சிட்டு உள்ள வா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நான் ஆணையெல்லாம் இடவில்லை. அவர் அதற்கப்புறம் ரொம்ப நாள் என்னோடு பேசவும் இல்லை, ஆனால் கதவு திறந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் படி முனகியது. மகள் சன்னலுக்குப் போகவில்லை. இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். மேல் தாழ்ப்பாளை நீக்கினேன். கீழ்த் தாழ்ப்பாளை நீக்கினேன். நடுத் தாழ்ப்பாள் வரவில்லை. பூட்டுக்காரன் சொந்த வீட்டுத் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டுவதை வெளியே ஒருவன் ரொட்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் திறந்தேன். புருவத்தில் மாவு, கையில் மாவு. நிலவின் மீது ஆணையிடச் சொல்லும் வசனம் முழுவதும் மனப்பாடம்தான், வாயில் வரவில்லை.

"கையைத் துடைச்சிட்டு உள்ள வா" என்றேன்.

என் வசனத்தை அச்சிடவேண்டாம். மேலே என் கையொப்பத்தில் 'பெற்ற தந்தை' என்பதை அடித்துவிட்டு 'கட்டிக்கொண்ட ஓணான்' என்று போட்டுக்கொள்ளவும். வந்தவன் தெரியாமல் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான், யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அதனால் இந்தப் பகுதியை நின்றுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.